இருபத்தோராவது தட்டு

செக்கானூரணி,
திங்கட்கிழமை.

அன்பு மருமகள் சத்யப்ரியாவுக்கு,

உன் தாய்மாமன் பால்பாண்டி எழுதுவது. நானும் உன் அத்தை சோணையம்மாளும் இங்கே சுகம். பின்லாந்தில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறதாமே, உன் அம்மா சொன்னாள். நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷமாக வாயைத் திறக்காத மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். பேசலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். உன் அம்மா உனக்குப் பருப்புப்பொடியும் அதிரசமும் பார்சல் அனுப்பப் போகிறாள். அதற்குள் இதையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆமாம், என் தங்கச்சி என்னோடு பேசிவிட்டாள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த விழாவின் நோட்டீஸை நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டது என் மகன் அழகுபாண்டிதான். திருநகர் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கேம் விழா, டிக்கெட் கிடையாது, உணவு வங்கிக்கு மளிகைப் பொருளோடு வாருங்கள், அழைப்பது சத்யப்ரியா என்று இருந்தது. கேம் எனக்குத் தெரியாது. உணவு வங்கியும் தெரியாது. மண்டபம், விழா, உன் பெயர், இந்த மூன்றும்தான் கண்ணில் பட்டது. ஆளுக்கு ஒரு கிலோ பொட்டலம் போதும் என்று அழகுபாண்டி படித்துப் படித்துச் சொன்னான். உன் பெயர் போட்ட விழாவுக்குத் தாய்மாமன் துவரம்பருப்புப் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு போக முடியுமா? நீயே சொல்.

ஆகவே சீராகவே கொண்டுபோனேன். இருபத்தோரு தட்டு. நம் வயல் அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், இரண்டு தார் பழம், எண்ணெய் டின், மஞ்சள், எல்லாம். திருநகர் மூன்றாவது பஸ் ஸ்டாப்பில் என் மினி லாரியை நிறுத்தி, அங்கிருந்து கொட்டுமேளத்தோடு நடந்து போனோம். உன் அத்தை முன்னால், பங்காளி வீட்டுப் பெண்கள் பின்னால். மண்டபத்துக்குள் இருந்து கறுப்புச் சட்டையும் காதில் ஹெட்போனுமாக ஒரு பட்டாளம் ஓடி வந்து செல்போனில் படம் எடுத்தது. உன் தோழி சரண்யாதேவி என்னிடம் வந்து, "ஐயா, கல்யாண மண்டபம் அடுத்த தெருவுல இருக்கு" என்றாள். "நான் சத்யப்ரியாவோட தாய்மாமன்மா, சீர் கொண்டாந்திருக்கேன், எங்கன எறக்குறது?" என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டது. நல்ல பிள்ளை.

உள்ளே போனதும் வந்தது வம்பு. பாக்கெட்டில் அடைத்து, தேதி போட்டிருந்தால்தான் உணவு வங்கியில் வாங்குவார்களாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வயலில் விளைந்த அரிசிக்கு எவன் தேதி போடுவது என்று சத்தம் போட்டுவிட்டேன். உனக்குத்தான் என் குணம் தெரியுமே. சரண்யாதேவி பொறுமையாக விளக்கினாள். வயசானவர்கள் இருக்கும் விடுதிக்கும், வேலையில்லாத வீடுகளுக்கும் போகிற பொருளாம். ஒருத்தருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதாம். அப்புறம் உணவு வங்கிக்காரர்களிடம் போனில் கேட்டு, அவர்கள் பையிலேயே அங்கேயே அடைத்துச் சீட்டு ஒட்டினால் எடுத்துக்கொள்வதாகச் சம்மதம் வாங்கினாள். பழத்தை மட்டும் விளையாட வந்த பிள்ளைகளே தின்று தீர்த்துவிட்டார்கள்.

பை அடைக்கும் மேசையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி எதிரே உட்கார்ந்தேன். அவளும் பார்க்காத மாதிரி உழக்கை எடுத்தாள். நான் பையின் வாயை விரித்துப் பிடிக்க, அவள் அளந்து போட்டாள். பத்துப் பதினைந்து பை இப்படியே போயிற்று. ஒரு பையில் என் பிடி நழுவி அரிசி மேசையில் கொட்டியது. "அண்ணே, பைய நல்லாப் புடி" என்றாள். மூன்று வருஷத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. நான் நல்லாப் பிடித்தேன் தாயி.

சீட்டில் யார் பெயர் போடுவது என்று கேட்டார்கள். சத்யப்ரியாவுக்குத் தாய்மாமன் சீர் என்று எழுதச் சொன்னேன். எல்லாப் பையிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

பிறகு என்னையும் விளையாட உட்கார வைத்தார்கள். கார் ஓட்டுகிற கேம். ரேஸை முடிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கடைக்காரர் உணவு வங்கிக்கு ஐந்து கிலோ அரிசி தருவாராம். லாரி ஓட்டுகிறவனுக்கு இது எம்புட்டு என்று உட்கார்ந்தேன். ஹாரன் எந்தப் பொத்தான் என்று கேட்டேன், ஹாரனே கிடையாதாம். என்ன வண்டியோ! வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தேன், பின்னால் வந்தவனுக்கெல்லாம் வழி விட்டேன். "போங்கய்யா, அடிச்சுப் போங்க" என்று சுற்றி நின்று கத்தினார்கள். எல்லாக் காரும் என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மஞ்சள் கார் மட்டும் போகவில்லை. நான் நின்றால் நின்றது. நான் சுவரில் முட்டிக்கொண்டபோது திரும்பி வந்து காத்திருந்தது. கடைசி வரை பக்கத்திலேயே வந்தது. இறங்கும்போதுதான் சரண்யாதேவி சொன்னாள், அந்தக் காரைப் பின்லாந்தில் இருந்து ஓட்டியது நீ என்று. அதுவரை எல்லா ரேஸிலும் நீதான் முதலாம்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து லாரிக்குள் உட்கார்ந்து அழுதேன். உன் அத்தையிடம் சொல்லிவிடாதே, தூசி விழுந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மகன் முறை மாப்பிள்ளையாக இருக்கும்போது, கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னாய். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அழகுபாண்டிக்கே அதில் வருத்தமில்லை. அவன் இப்போது மனைவி, மகள் என்று நன்றாக இருக்கிறான். வீம்பு எனக்கு மட்டும்தான். உன் கல்யாணத்தன்று போனை அணைத்துவிட்டு மோட்டார் ரூமில் கிடந்தேன். மாலை எடுத்துக் கொடுக்க மாமன் வருவார் என்று முகூர்த்தம் முடியும் வரை எனக்கு ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தாயாமே. அதை உன் அம்மா நேற்றுத்தான் சொன்னாள். நான் செய்தது தப்பு. பெரிய தப்பு.

இன்னும் ஒன்று. பிள்ளைகள் தின்ற பழம் போக, இருபது தட்டுப் பொருளும் உணவு வங்கிக்குப் போய்விட்டது. இருபத்தோராவது தட்டைச் சரண்யாதேவி திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதில் இருந்தது பட்டுப்புடவை. "இது மட்டும் எங்களுக்கு ஆகாதுங்கய்யா, உரியவங்ககிட்டயே குடுத்துருங்க" என்றாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்காக வாங்கியதல்ல. உன் கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் வாங்கி, பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று வரை உன் அத்தைக்கே தெரியாது. மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

உனக்கு எப்போது லீவு கிடைக்கும்? ஒரு நாள் சொல் தாயி. கொட்டுமேளத்தோடு வரவேண்டிய வாசலுக்கு வருகிறேன். மீனாட்சி உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் மாமன்
பால்பாண்டி

பின்குறிப்பு: கிரீஷ் மாப்பிள்ளைக்கும் தட்டில் வேட்டி சட்டை வைக்க வேண்டும். சட்டை என்ன அளவு என்று கேட்டு எழுது.