முதலாளி தோப்புக்கு டோக்கன் இல்லை

என் அன்பு அண்ணா,

அன்பு என்று எழுதுவதற்குள் பேனா இரண்டு முறை நின்றது. போகட்டும், எழுதிவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. காரிமங்கலத்தில் நம் மாங்கூழ் ஆலையில் உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிகிறதா?

பதினெட்டு வருடம் உங்களுக்கு நான் யாராக இருந்தேன்? வெளியூர்ப் பார்ட்டி வந்தால், "நம்ம கம்ப்யூட்டர் ஆளுங்க" என்பீர்கள். தம்பி என்று சொல்ல வாய் வராது. பிரிண்டர் மக்கர் பண்ணினால் மீட்டிங்குக்குள் கூப்பிடுவீர்கள், சரியானதும் "ம்ம், கெளம்பு" என்பீர்கள்.

இப்போது வந்து பாருங்கள். வெளிநாட்டுக்காரன் கூழை வாயில் வைப்பதற்கு முன்பே, இது எந்தத் தோப்புப் பழம், என்ன மருந்து அடித்தது என்று கேட்கிறான். பதில் என் சிஸ்டத்தில்தான் இருக்கிறது. பேங்க் மேனேஜர்கூட என்னிடம்தான் முதலில் பேசுகிறார். அதனால்தான் பங்குதாரர்கள் என்னை எம்.டி. ஆக்கினார்கள். உங்கள் மீசையும் அதட்டலும் இன்று ஒரு டப்பாவைக்கூட விற்றுத் தராது, அண்ணா.

விசயத்துக்கு வருகிறேன். தோப்பைச் சிஸ்டத்தில் பதிந்தால்தான் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் லோடுக்குக் கேட் திறக்கும் என்று நான் கொண்டுவந்த அன்று என்ன சொன்னீர்கள்?

"ஏன்டா, மொதலாளி தோப்புக்கே டோக்கனா? எம்பேர அதுல ஏத்துன, கைய ஒடச்சிருவேன்."

வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஏற்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் தோப்புப் பெங்களூரா மாம்பழம் இரண்டு டிராக்டர் நிறைய வந்தது. கூடவே அண்ணியும் வந்தார். பதிவில் பெயர் இல்லை, கேட் திறக்கவில்லை. தோப்பைப் பதிய அரை மணி நேரம் போதும், என் ஒப்புதல் ஒன்றுதான் வேண்டும். நான் கொடுக்கவில்லை. ரூல் என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பிவிட்டு, மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், சந்தோசமாக இருந்தது. அந்த வெயிலில் நீங்களே நிற்பது மாதிரி இருந்தது.

சாயங்காலம் அடிப்பழம் நசுங்கி டிராக்டரிலிருந்து ஒழுக ஆரம்பித்தது. அப்போதுதான் இறங்கிப் போனேன். அண்ணி கெஞ்சுவார் என்று நினைத்தேன்.

"உங்கண்ணன் உங்கள நடத்துனது எனக்குத் தெரியாதுங்களா தம்பி? வூட்ல தெனமும் அதுக்குத்தான் சண்ட. 'அவரும் உங்க ரத்தந்தானுங்களே'ன்னு கேட்டதுக்கு அடிகூட வாங்கியிருக்கேன். அவரு போயிட்டாரு, இனிமே தம்பிதானேன்னு தைரியமா வந்தேன். வந்து பாத்தா அவரு எங்கயும் போவலைங்க. உள்ளதான் உக்காந்திருக்காரு."

அழவில்லை. டிராக்டரைத் திருப்பச் சொன்னார். அத்தனை பழத்தையும் எருக்குழியில் கொட்டியதாக மறுநாள் டிரைவர் சொன்னார்.

எனக்காக ஒருத்தி அடி வாங்கியிருக்கிறாள். அது எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டைத் திறந்திருப்பேனா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையே, அண்ணா. அந்த அளவுக்கு என்னை வளர்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நாளைக் காலையில் அண்ணி வீட்டுக்குப் போகிறேன். அவர் கதவைத் திறக்க மாட்டார். திறக்கும்வரை தினமும் போய் நிற்பேன், இது சத்தியம். உங்களுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது. அதுவும் சத்தியம்தான்.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்து தொலைத்த தம்பி,
முருகேசன்