பால்டின்னுக்குள் முளைத்த பயறு

சுங்கை லாலாங், மலாயா, 1943

மகனுக்கு,

உன் பிள்ளைகள் இருவரும் சுகம். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. கொல்லையில்தான் பாடம்.

இரண்டு பயற்றஞ்செடிகளில் ஒன்றைப் பால்டின்னால் மூடி வைத்திருந்தோம். நேற்றுக் காலை டின்னை எடுத்தோம். வெயில் படாத செடி வெளுத்து, மெலிந்து, நீண்டு நின்றது.

“வேற எது இப்படி இருக்கும்? ஓர் உதாரணம் சொல்லும்மா,” என்று உன் மகளைக் கேட்டேன். என் பழைய வழக்கம், நீயும் அறிவாய்.

“சித்தப்பாதான், தாத்தா. தரைப் பலகைக்கு அடியிலேயே ஒளிஞ்சிருந்து வெளுத்துட்டாரு.”

வேலிக்கு அப்பால் தோட்டத்துக் கங்காணி நின்றிருந்தார். ஜப்பான்காரர்களின் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் அவர் கையில் இருந்தது.

“சின்னவரு கூலிம் பட்டணத்துக்கு ஓடிட்டாருன்னீங்களே, வாத்தியாரே,” என்று சிரித்தார்.

நண்பகலில் லாரி வந்தது. நான்கு மாதம் கழித்து வெயிலைப் பார்த்த உன் தம்பி, கண்களைக் கையால் மறைத்துக்கொண்டே ஏறினான்.

அவனுடைய தட்டு இன்னும் பலகைக்கு அடியில்தான் இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.

“நான் சொன்ன உதாரணம் தப்பா, தாத்தா?” என்று உன் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சரியான உதாரணம்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ வரும்போது அவளிடம் எதுவும் கேட்காதே. கேட்டவன் நான்.

உன் அப்பா