பன்னிரண்டாவது கைப்பிடி

11 பிப்ரவரி 2025, ரங்கத்

காலையில் கோப்பு வந்தது. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கிடக்கும் பழைய இரும்பு விளையாட்டுச் சாமான்களை எல்லாம் அகற்ற வேண்டும். மெயின்லேண்டிலிருந்து பிளாஸ்டிக் சறுக்கும் ரப்பர் தரையும் கப்பலில் இந்தத் தீவுக்கு வருகின்றன. இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டிய ஜூனியர் இன்ஜினியர் நான்தான்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். டீ குடித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொல்லவில்லை.

13 பிப்ரவரி

மைதானத்துக்குப் போனேன். அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பத்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். அந்தப் பக்கம் போகாமல் பஜார் வழியாகச் சுற்றியே போய் வந்திருக்கிறேன் என்பது இன்றுதான் உறைத்தது.

எல்லாம் அப்படியே இருக்கின்றன. சறுக்கு, ஊஞ்சல், ஏற்றப்பலகை, பிள்ளைகள் ஏறிச் சுற்றும் சக்கர். சக்கரின் மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. விரட்டியும் போகவில்லை. அதை வைத்தே போட்டோ எடுத்தேன்.

14 பிப்ரவரி

அறிக்கையில் 'தற்போதைய நிலை' என்று ஒரு கட்டம். துரு, விரிசல், கூர்முனை, தரையில் மெத்தென்ற பரப்பு இல்லை என்று எழுதினேன். இவை எல்லாம் அன்றைக்கும் இருந்தவைதான்.

சறுக்கை 'ஃபிசல்பட்டி' என்போம். குவார்ட்டர்ஸில் தமிழ், பெங்காலி, தெலுங்குப் பிள்ளைகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் இருந்தோம். விளையாட்டுக்கு இந்திதான் பாஷை. இரண்டு ஆள் உயரம் அது. மதிய வெயிலில் தகரம் தோசைக்கல்லாகிவிடும். கமுகம்பாளையை அடியில் போட்டு உட்கார்ந்து வருவோம். பாளை பாதியில் நழுவினால் தொடை வெந்துவிடும். கீழே மணல் கிடையாது, பவழக்கல் ஜல்லி. ஏணியில் மூன்றாவது படியும் நாலாவது படியும் இல்லை. சின்னப் பிள்ளைகளை மேலே நிற்பவன் கையைப் பிடித்துத் தூக்குவான். சட்டையைப் பிடித்தும் தூக்குவான்.

ஊஞ்சல் கப்பல் சங்கிலியில் தொங்கியது. நின்றுகொண்டே வீசி ஆடி, உச்சியில் கையை விட்டுக் குதிக்க வேண்டும். யார் எங்கே விழுந்தார் என்று குச்சியால் கோடு போடுவோம். ஏற்றப்பலகை கனமான படாக் மரம். எதிரில் இருப்பவன் சொல்லாமல் இறங்கினால் இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பல் போகும். எனக்கு ஒன்று போனது. பால்பல்தான். வீட்டில் சொன்னால் அடி விழும். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தேன்.

பயமாக இருந்ததா? இருந்தது. அதற்காகத்தானே போனோம்.

சக்கரைப் பற்றி இங்கே எழுதாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

15 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன்.

சக்கரைச் செய்தது அப்பா. வெள்ளைச்சாமி, டிபார்ட்மெண்ட் ஒர்க்ஷாப்பில் வெல்டர். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஓடாத லாரியின் அச்சைத் தரையில் நட்டு, மேலே இரும்புத் தட்டைப் பொருத்தி, சுற்றிலும் பன்னிரண்டு கைப்பிடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒரு மாசத்தில் முடித்தார். பதினொன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மட்டும் சிவப்பு. பச்சைப் பெயிண்ட் தீர்ந்துபோனதால்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தச் சிவப்பே வேண்டும். நாலு பேர் வெளியே நின்று தள்ளிவிட்டால் வானமும் மரமும் ஒரே கோடாகிவிடும். தட்டுக்கும் அடியிலிருந்த சிமெண்ட் திட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

1993 டிசம்பர், பள்ளி லீவு. எனக்குப் பத்து வயது, தம்பி குணாவுக்கு ஏழு. அவன் கை அந்த இடைவெளியில் போனது. ரங்கத் பே ஜெட்டியிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் கொண்டு போனார்கள். இடது கை இப்போது முழங்கையோடு முடிகிறது.

கைப்பிடி ஆடி அவன் விழுந்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பாவே அதை அன்று மாலை அறுத்து, வெல்டிங்கைப் பார்க்காமல்கூட, கொண்டுபோய்க் கழிமுகத்தில் எறிந்தார். விசாரணை வந்தது. "என் வெல்டிங்தான் சரியில்ல" என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் வெல்டிங் கம்பியைத் தொடவில்லை.

கைப்பிடி ஆடியது என்று சொன்னது நான்.

16 பிப்ரவரி

அது ஆடவில்லை.

எனக்குச் சிவப்பு வேண்டும். அவன் விடமாட்டேன் என்றான். சக்கர் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். "அக்கா, விழுந்துருவேன்க்கா" என்றான்.

இதை இதற்கு முன் எங்கேயும் எழுதியதில்லை. எழுதினால் ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து துணி துவைத்தேன்.

20 பிப்ரவரி

வெட்டும் வேலை தொடங்கியது. காண்ட்ராக்டரின் ஆள் நல்லதம்பி, தூத்துக்குடிக்காரர். மற்றதெல்லாம் காலையிலேயே முடிந்தது. சக்கரில்தான் மாட்டிக்கொண்டார்.

"மேடம், இது யாரு பண்ணுனது? கைப்பிடி ஒண்ணொண்ணும் அரை மணி நேரம் எடுக்குது. பைப்பு இத்துப் போச்சு, ஆனா ஜாயிண்ட்டு அப்படியே நிக்கி."

"பழைய ஆளு" என்றேன்.

"கெட்டிக்காரன்."

மாலைக்குள் பதினொன்றையும் வெட்டினார். நான் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 பிப்ரவரி

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பஜாரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும்போது கேட்டார்.

"சக்கரையும் கழட்டியாச்சாம்ல?"

"ஆமாப்பா."

"கைப்பிடியெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. வெட்டவே முடியல. பதினொண்ணும்."

மோரைக் கலக்கினார். "பதினொண்ணு நல்லாருந்து என்னத்துக்கு ஆகும்மா" என்றார். அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போனார்.

எழுபத்து நாலு வயது. முப்பத்தொரு வருஷமாக ஒரு பொய்யான வெல்டிங்கைச் சுமந்துகொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வர வேண்டும். போன வருஷம் அம்மா போனபோதும் வரவில்லை. பந்தல்காரர், ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்கு டீ என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். "கார்த்திகா தைரியசாலி" என்றார்கள்.

22 பிப்ரவரி

தைரியம் இல்லை அது. உள்ளே யாரும் இல்லை.

25 பிப்ரவரி

முதலில் குணாவிடம் சொல்ல வேண்டும். கை அவனுடையது.

1 மார்ச், திக்லிபூர்

விடியற்காலை பஸ். மாயாபந்தர் வரை தூங்கினேன்.

குணா வீட்டு முற்றத்தில் பாக்கு காய்கிறது. உரித்துக்கொண்டிருந்தான். காயை முழங்காலிடுக்கில் பிடித்து வலது கையால் கத்தியைப் பாய்ச்சுகிறான், இரண்டு கைக்காரர்களைவிட வேகம். அவன் மனைவி நளினி டீ போடப் போனாள். உட்கார்ந்த உடனே சொன்னேன். பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "கைப்பிடி ஆடலடா. நான்தான் உன் விரலைப் பிரிச்சேன்."

அவன் கத்தியை வைக்கவில்லை.

"அரே, என்னக்கா. என் விரலை நீ பிரிச்சது எனக்குத் தெரியாதா? அப்ப ஏழு வயசு, கைக்குழந்தையா?"

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. கப்பல்லயே அம்மாகிட்ட சொன்னேன். ஆஸ்பத்திரில மறுபடி சொன்னேன். வாயைப் பொத்துச்சு. 'பொட்டப்புள்ள பேரு கெட்டுரும், நாளைக்கு எவன் கட்டுவான், செத்தாலும் சொல்லக்கூடாது'ன்னுச்சு. ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்துச்சு. நானும் தின்னுட்டு சும்மா இருந்துட்டேன்."

அம்மாவுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்காகப் பொத்தி வைத்தாள். அந்தக் கல்யாணமும் இரண்டு வருஷம்தான் நின்றது.

"சரி, பெரியவனான பிறகு?"

இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்பா என்னை ஒரு நாளும் திட்டினதில்லக்கா. கவனிச்சிருக்கியா? பத்தாவது ஃபெயிலானேன். பைக்கைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல விட்டேன். ஒரு வார்த்தை இல்ல. இந்த நிலத்தைக் கேட்டேன், வாங்கிக் கொடுத்தாரு. உண்மையைச் சொல்லிட்டா இதெல்லாம் நின்னு போயிரும்ல. மத்லப்... அதாவது, எனக்கு சுகமா இருந்துச்சு. கேவலம்தான். ஆனா இருந்துச்சு."

நளினி டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"அப்ப மாமாவுக்கு மட்டும்தான் தெரியாதா?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் பாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2 மார்ச்

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். குணா வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பொய்யைச் சொன்னது என் வாய்.

9 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அப்பா பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, கைப்பிடி ஆடல. உங்க வெல்டிங் நல்லாத்தான் இருந்துச்சு. குணாவை நான்தான் கையை விட வச்சேன். அடி விழும்னு பயந்து உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. ஒரு மீன் முடிந்தது. இன்னொன்றை எடுத்தார். காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"ஒச்சம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மா பேரைச் சொல்லித்தான் கேட்டார், உங்கம்மா என்றுகூட இல்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அதுதான் நாக்கில் நின்றது. எவ்வளவு சுலபமாக வருகிறது அது.

"தெரியும்ப்பா. குணா அப்பவே சொல்லியிருக்கான்."

மீன் முழுவதையும் ஆய்ந்து முடித்தார். கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, மூடி உள்ளே வைத்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார். உள்ளே போய்ப் பையில் நாலு வேட்டி சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வந்தார்.

"குணா வீட்டுக்குப் போறேன். நீ வராத."

பஸ் ஸ்டாண்ட் வரை பத்தடி பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து மீனைப் பொரித்தேன். சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

10 மார்ச்

குணா போன் செய்தான். வந்து சேர்ந்தாராம். பேசவில்லையாம்.

14 மார்ச்

பேசவில்லையாம்.

19 மார்ச்

பிளாஸ்டிக் சாமான்கள் வந்திறங்கின. மஞ்சளும் நீலமுமாகப் பெரிய டப்பாக்கள். எங்கே எது என்று அடையாளம் போட்டுக் கொடுத்தேன். சறுக்கு என் தோள் உயரம்தான். ஒரு அம்மா, "இதுல எங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்றாள். ஆகாது என்றேன். தண்ணீர் குடித்தேன்.

2 ஏப்ரல்

குணா போன். எடுத்ததும் சிரிக்கிறானா அழுகிறானா என்று புரியவில்லை.

"அக்கா, அப்பா என்னைத் திட்டிட்டாரு! நேத்து மழை வந்துச்சுல்ல, பாக்கை அள்ளாம நான் படுத்துட்டேன். 'எருமை மாடு, உனக்கெல்லாம் எதுக்குடா நிலம், பெத்த அப்பன் கண்ணு முன்னாடி முப்பது வருஷமா நடிச்சவன்தானே நீ'ன்னு, தெருவே கேக்குற மாதிரி. நளினி பயந்து உள்ள ஓடிட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது. நின்னு வாங்கிக்கிட்டேன். நல்லாத்தான்க்கா இருந்துச்சு."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

16 ஏப்ரல்

அம்மாவின் வருஷ நாள் இருபதாம் தேதி. அப்பா வருவாரா என்று கேட்டேன். தெரியாது என்றான் குணா. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து தோப்புக்குப் போய்விடுகிறாராம்.

அவர் வராவிட்டால் படையல் போடுவதா வேண்டாமா? அம்மாமேல் எனக்குக் கோபம் இருக்கிறதா? தேடிப் பார்க்கிறேன். இருக்கிறது போலத்தான். எனக்காகச் செய்தாள் என்பதும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில்.

20 ஏப்ரல், ஞாயிறு

வந்தார்கள். பதினொரு மணிக்குக் குணா, நளினி, அவர்களுக்குப் பின்னால் அப்பா. இளைத்திருக்கிறார். என்னைப் பார்க்காமல் நேரே கூடத்துக்குப் போனார்.

நான் அடுப்படியில் இருந்தேன். நளினி வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தாள். கற்பூரம் கொளுத்துவார் என்று நினைத்தேன். அம்மா படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. பிறகு வீடே கேட்க.

"பக்கத்துலயே படுத்திருந்தியேடி. ஒரு வார்த்தை சொன்னியா? நான் தூங்காம உக்காந்திருக்குறப்பல்லாம் 'என்னய்யா, கண்ணு அசரலையா'ன்னு கேப்பியே. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா? ஏன்டி, பச்சப்புள்ளைய நான் கொன்னாடி போட்டுருவேன்? பத்து வயசுப் புள்ள. தெரியாமப் பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு அம்புட்டு அறிவு இல்லைன்னு நெனச்சிட்டியா ஒச்சம்மா?"

நளினி கத்தியை வைத்துவிட்டாள். குணா வாசலில் போய் நின்றுகொண்டான். நான் கரண்டியோடு நின்றேன். பச்சப்புள்ள என்றார். பத்து வயசுப் புள்ள என்றார். அழுகை சத்தமாக, அசிங்கமாக, நிறுத்த முடியாமல் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நளினி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மூக்கில் கருகல் வாடை ஏறிய பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

அப்பா படையல் போட்டார். கற்பூரம் காட்டினார். இலை முன் உட்கார்ந்தார். நான் பரிமாறக் குனிந்தபோது என் முகத்தைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பார்த்தார்.

"அடிப்பிடிச்சிருக்கு" என்றார்.

"ஆமாப்பா."

"பரவால்ல, போடு. நீயும் ஒக்காந்து சாப்புடு."

இலை போட்டு உட்கார்ந்தேன்.