அந்தப் பொத்தானை அழுத்தாதே

ஹல்,
வியாழக்கிழமை, அக்டோபர் 3

அன்புள்ள கிளெனிஸுக்கு,

நார்மன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதே. நான்கு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. ஈஸ்டர் அன்று நான் பேசிய பேச்சுக்கு அது நியாயம்தான். லாண்டுட்னோவில் உன் தங்கை வீட்டில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்தக் கடற்காற்றுக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். விவாகரத்துக்கு முதல் உத்தரவு வந்த பிறகு காத்திருக்கும்படி நீதிமன்றம் சொன்ன ஆறு வாரம் இந்த வாரத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை முதல் இறுதி விவாகரத்துக்கு நீ விண்ணப்பிக்கலாம். உன்னை எனக்குத் தெரியாதா? கிறிஸ்துமஸ் அட்டைகளை நவம்பரிலேயே தபாலில் சேர்க்கிறவள் நீ. திங்கள் காலை டீ ஆறுவதற்குள் கணினியில் அந்தப் பொத்தானை அழுத்திவிடுவாய். அழுத்தாதே கிளெனிஸ். கெஞ்சிக் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் கிழவன் மனசு மாறிவிட்டான், இழுத்தடிக்கிறான் என்று நினைப்பாய். சத்தியமாக இல்லை. தீயணைப்பு நிலையத்தில் எங்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருந்த ட்ரெவரிடம் நேற்று பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"அட மடையா! அவ பட்டனத் தட்டினப்புறம் நீ மண்டையப் போட்டேன்னு வையி, அவளுக்கு ஒரு பென்னிகூட வராது. பொண்டாட்டியா இருந்தாதானே விதவை பென்ஷன்?"

பென்ஷனில் பாதி உனக்கு என்று இருவரும் கையெழுத்துப் போட்டோமே, அது என்னவாயிற்று என்று கேட்டேன். அந்தத் தாள் இன்னும் நீதிபதியின் மேசையில்தான் கிடக்கிறது, முத்திரை விழவில்லை. விழுந்த பிறகும் இருபத்தெட்டு நாள் கழிய வேண்டுமாம். நடுவில் நான் போய்விட்டால் அந்தத் தாளும் செல்லாது. நீ விதவையும் இல்லை, பங்குக்காரியும் இல்லை. வக்கீல் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று இரண்டு பேரும் சாமர்த்தியமாக வக்கீல் இல்லாமலே எல்லாவற்றையும் நடத்தினோம் பார், அதன் லட்சணம் இது.

இதுவரை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசல்வரை போய் வந்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

திடீரென்று எதற்குச் சாவுப் பேச்சு என்பாய். உனக்குச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பதினான்காம் தேதி எனக்கு இதய அறுவை சிகிச்சை. மூன்று இடத்தில் அடைப்பு. டாக்டரம்மா சின்னப் பெண், ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது கிளெனிஸ். முப்பத்தோரு வருஷம் எரிகிற வீட்டுக்குள் போய் வந்தவன், ஒரு மயக்க மருந்துக்குப் பயப்படுகிறேன். ஆனால் இப்போது அதைவிடப் பெரிய பயம் திங்கட்கிழமைதான்.

நான் ஷிப்டு மாறி மாறிப் போனதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீ பள்ளிச் சமையலறையில் அரைநாள் வேலையே பார்த்தாய். உனக்கென்று சொல்லிக்கொள்ளும்படி பென்ஷன் கிடையாது. அது போதாதென்று, ஓய்வு பெற்ற அன்று பென்ஷனில் ஒரு பகுதிக்குப் பதிலாக மொத்தமாக வந்த பணத்தை உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் படகில் போட்டேன். அதை எடுத்ததால் மாதப் பென்ஷன் குறைந்தது, உன் பங்கும் குறைந்தது. படகு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. உன்னை ஒரு தடவை ஏமாற்றியது போதும். செத்தும் ஏமாற்ற வேண்டாம்.

நான் பிழைத்து வந்தால், முத்திரை விழுந்து இருபத்தெட்டு நாளும் கழிந்ததும் நானே கூப்பிட்டு, இப்போது அழுத்து என்று சொல்வேன். அப்போதாவது போனை எடு.

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஏதாவது ஆனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். மனைவி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினான்காம் தேதி அது உண்மையாக இருக்கட்டும்.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

நார்மன்