இருபத்தொரு நிமிடம்

மார்ச் 2, சனி

நூலக மாடியில் ஐந்தாவது வகுப்பு. பலகையில் நான் எழுதிவைத்த 'தலைமையும் குடிமைப் பொறுப்பும்' என்பதை யாரோ பாதி அழித்திருந்தார்கள். வந்தது பதினோரு பேர், எல்லோரும் வேலையும் குடும்பமும் உள்ளவர்கள்.

இன்று பாடம் நடக்கவில்லை. எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறது நகர மன்றம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய நிலையத்திலிருந்து வண்டி எட்டே நிமிடத்தில் வந்துவிடுமாம். பத்துக்குள் வந்தால் போதும் என்பது விதி. 21ஆம் தேதி பொது விசாரணை.

தையல்காரம்மா எழுந்தார். "மேடம், என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. மூணாவது மாடி. தீப்பிடிச்சா நான் ஒருத்தி எப்படித் தூக்கிட்டு இறங்குவேன்?"

நாமே ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். ராணுவப் படையில் வண்டிப் பிரிவில் பதினாறு வருடம், பிறகு வெள்ள நிவாரண அலுவலகத்தில் ஏழு வருடம். வாய்ப்பேச்சை நம்பி ஒரு வண்டியைக்கூட நகர்த்தியவள் இல்லை நான்.

மார்ச் 5, செவ்வாய்

ஓட்டினோம். வேன், வகுப்புக்கு வரும் பஸ் டிரைவருடையது; கடிகாரம் என்னுடையது. பெரிய நிலையத்தில் மாலை 5.40க்குக் கிளம்பி, தையல்காரம்மா வாசலுக்கு 6.01க்கு வந்து சேர்ந்தோம். இருபத்தொரு நிமிடம்! அந்தம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

வழியில் தண்டவாள வேலை என்று ரயில்வே கேட்டை மூடியிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் 'ஆனா' போடுவதால் வகுப்பே 'ஆனா சார்' என்று கூப்பிடும் தபால்காரர், பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தார். "ஆனா மேடம், இந்த நேரத்துல கேட்ட மூடவே மாட்டாங்க. இன்னிக்கு மட்டும்தான் இப்படி."

"கிளம்பின நேரம், சேர்ந்த நேரம். பயணப் பதிவுல அவ்வளவுதான் எழுதணும். கதை எழுதக் கூடாது" என்றேன். படையில் அப்படித்தான். சரி மேடம் என்று வாயை மூடிக்கொண்டார்.

மார்ச் 12, செவ்வாய்

1,340 கையெழுத்து. அதில் அறுநூறு தையல்காரம்மா படியேறிப் படியேறி வாங்கியது. இருபத்தொரு நிமிடம் என்று எழுதிய மனுவைக் கொடுத்தாயிற்று.

மார்ச் 16, சனி

இன்றைய பாடம், பயிற்சி முடிந்ததும் படையில் நாங்கள் வட்டமாக உட்காரும் வழக்கம். எல்லோரும் தொப்பியைக் கழற்றித் தரையில் வைப்போம். அப்புறம் அங்கே மேல் கீழ் கிடையாது. உத்தரவு போட்டவர்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் தன் தவறைத்தான். நான் ஒருமுறை டீசல் ஏற்றிய லாரியை விட்டுவிட்டு முகாமுக்குக் கிளம்பிப்போன கதையைச் சொன்னேன். சிரித்துத் தீர்த்தார்கள். ஆனா சார் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து இறங்கும்போது படியில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கேட் மூடியது 5.46, திறந்தது 5.55. "வச்சுக்குங்க மேடம். நான் யார்கிட்டயும் சொல்லல."

சுள்ளென்று கோபம் வந்தது. அவர் மேல். எதற்கு அவர் மேல்?

மார்ச் 17, ஞாயிறு

காரை எடுத்துக்கொண்டு நானே மூன்று முறை ஓட்டினேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு.

அட, பன்னிரண்டே போதுமே! அதுவே பத்தைத் தாண்டுகிறதே! முதலிலேயே அதை எழுதியிருந்தால் யார் அசைத்திருக்க முடியும்? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இவரிடம் சொன்னேன். காய்கறி நறுக்கிக்கொண்டே, "பேசாம விடேன். எப்படியும் நியாயம் உங்க பக்கம்தானே கேப்டன்?" என்றார். கேப்டன் என்று கூப்பிட்டால் கிண்டல் என்று அர்த்தம். இன்று கிண்டல் இல்லை. நிஜமாகவே விடச் சொல்கிறார்.

விட்டுவிடலாமா? மன்றத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா சாரும் டிரைவரும் செத்தாலும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1,340 பேர் என் பேச்சை நம்பித்தானே கையெழுத்துப் போட்டார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

மற்றவர்களுக்கு முன் தையல்காரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்கே போனேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"விசாரணை முடியட்டும் மேடம். அப்புறமா சொல்லிக்குங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

அங்கிருந்து நழுவி வந்துவிட்டேன். நான் கோழையா? இதைத்தான் பாடம் நடத்துகிறேனா?

மார்ச் 21, வியாழன்



எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மைக்கில் சொல்லிவிட்டேன். இருபத்தொன்று தவறு, அதில் ஒன்பது நிமிடம் கேட்டில் நின்றது, அதை எழுதாமல் விட்டது நான், உண்மையில் பன்னிரண்டு. மண்டபத்தில் சலசலப்பு. மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மொத நம்பரே தப்புன்னா, ரெண்டாவத எதுக்கும்மா நாங்க நம்பணும்?" சிரித்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல். ஆனா சார். "நம்ப வேணாம் சார். ஆனா உங்க எட்டு நிமிஷத்த யாரு ஓட்டிப் பாத்தா? எந்தக் கிழமை? எத்தன மணிக்கு?"

மன்ற அதிகாரி ஃபைலைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், வரைபடத்தில் தூரத்தை அளந்து கணக்குப் போட்டதாம்! யாரும் ஓட்டவே இல்லையாம்!

ஆறுக்கு ஐந்து ஓட்டில் முடிவைத் தள்ளிவைத்தார்கள். தீயணைப்பு வண்டியையே ஐந்து நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்களில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து நேரம் குறிக்கலாம். ஏப்ரல் 18 மறுபடி கூட்டம்.

வாசலில் தையல்காரம்மா. "இருபத்தொண்ணுன்னே விட்டிருந்தா இன்னிக்கே ஜெயிச்சிருப்போம். உங்க மனசாட்சிக்கு என் புருஷன் உயிரா கெடச்சுது?"

மார்ச் 23, சனி

தொப்பி இல்லை, கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தேன். உத்தரவு என்னுடையது, கேள்வி கேட்டவரை அடக்கியதும் நான்தான் என்றேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அதுவே சரி.

வண்டியில் யார் போவது? என்னைத்தான் சொல்வார்கள் என்று உள்ளூர ஒரு நப்பாசை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் தையல்காரம்மா என்றார்கள். அவர் வகுப்புக்கே வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

ஆனா சார் நாலு தடவை தையல்காரம்மா கடைக்குப் போய்ப் பேசியிருக்கிறார். வண்டியில் போக ஒத்துக்கொண்டாராம். நான் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது நிபந்தனை.

ஏப்ரல் 10, புதன்

மூன்றாம் நாள் ஓட்டம். வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மாலை ஐந்தே முக்காலுக்குத் தூரத்தில் சைரன் சத்தம். எழுந்தேன், உட்கார்ந்தேன். "அலமாரியாவது அடுக்கேன்" என்றார் இவர். அடுக்கினேன்.

ஏப்ரல் 20, சனி

வியாழனன்று மூடும் தீர்மானம் தோற்றது, எட்டுக்கு மூன்று. நிலையம் இருக்கும். ஐந்து நாளில் ஒரு நாள்கூடப் பத்துக்குள் வரவில்லை.

நான் மாடியேறும்போதே வகுப்பு ஆரம்பமாகியிருந்தது. பலகை அருகே தையல்காரம்மா. அடுத்தது குடிநீர்க் குழாய், எந்தத் தெருவை யார் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "உங்க மேல கோபம் போகல மேடம். உக்காருங்க." கடைசி வரிசையில் இடம் இருந்தது.

அவர் தெருக்களைப் பிரித்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. "இப்படிச் செஞ்சா..." என்று பாதி எழுந்துவிட்டேன்.

"மேடம், கையத் தூக்குங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க."

கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் சாவகாசமாகத்தான் பேசினார்கள்.