உன் அம்மாவுக்கு இன்ஸ்டா பாடம்

உயிர்த்தோழியாக இருந்து என் உயிரை எடுத்தவளுக்கு,

இன்ஸ்டாவில் என்னை பிளாக் செய்துவிட்டாய், அதனால்தான் காகிதம். ஆண்டு விழா மேடையில் நான் பாவாடை தடுக்கி விழுந்ததை ரீல்ஸாகப் போட்டாய். அரூர் பஸ் கண்டக்டர்கூட, "பாத்து ஏறும்மா, மேடை ராணி" என்கிறார்.

ஒரு சேதி. உன் அம்மா புதுப் போன் வாங்கியிருக்காங்க. இன்ஸ்டா கற்றுக்கொடுப்பது நான்தான். லைக், கமெண்ட் போடவெல்லாம் அவங்களுக்கு வந்துவிட்டது. ஆடுகிற பெண்களிடமெல்லாம், "யாரு வூட்டுப் பொண்ணு சாமி நீ?" என்று கேட்டு எழுதுறாங்க. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நீ போய் ஆடுகிற ரீல்ஸை மட்டும் அவங்க இன்னும் பார்க்கவில்லை.

பெயர் போட்டுத் தேடுவது மட்டும்தான் பாக்கி. அந்தப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறேன். அதற்குள் என் வீடியோவை நீ எடுத்துவிட்டால், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் டீச்சர்