கப்பல் கட்டினவங்க தைச்ச கல்யாண கவுன்

சண்டர்லாண்ட்,
14 மே 1990

அன்புள்ள கீத்துக்கு அம்மா எழுதுறது. நீயும் ஜூலியும் குட்டி ஏமியும் சௌக்கியமா இருக்கீங்களா? இங்க எங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லை, என் மனசு இருக்கிற இருப்பை மட்டும் கேக்காதே. நீ இருக்கிற பெர்த்துலயே உங்கப்பாவுக்கு வெல்டிங் வேலை பார்த்து வச்சிருக்கிறதா, மாசக் கடைசிக்குள்ள பதில் வேணும்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்ச அன்னைக்கே நான் பெட்டியை இறக்கித் துடைச்சு வச்சிட்டேன். பேத்தியை இதுவரைக்கும் போட்டோவுலதானே பார்த்திருக்கேன். உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? இப்ப முடியாது, கையில கல்யாண கவுன் இருக்குன்னார்.

சிரிக்காதே. கப்பல் பட்டறை மூடினதுலேருந்து சும்மா கிடக்கிற உங்கப்பாவும், பக்கத்து வீட்டு டக்கியும், கிரேன் ஓட்டின பெரிய நார்மனும் சேர்ந்து கல்யாண கவுன் தைக்கிற தொழில் ஆரம்பிச்சிருக்காங்க. கப்பலையே வரைஞ்சு வெட்டினவனுக்கு ஒரு பொண்ணோட இடுப்பு பெரிய விஷயமான்னு டக்கி பீத்திக்கிறான். என் முன்னறையும் போச்சு, என் தையல் மெஷினும் போச்சு, டீ குடிக்க நான் மாடிப்படியில உக்கார்றேன். கறிக்கடைக்காரர் மகள் லிண்ஸிதான் முதல்ல மாட்டினா. தரையில துணியை விரிச்சு, சாக்பீஸால கோடு போட்டு, மயிரிழை பிசகாம வெட்டினாங்க. ஓரத்துல தையலுக்குத் துணி விட்டீங்களான்னு கேட்டேன். நீங்க போய் டீ போடுங்க அண்ணின்னுட்டான் நார்மன். தகட்டை விளிம்போட விளிம்பு சேர்த்து வெல்டிங் அடிச்சே பழகின ஆளுங்களுக்குத் துணியை உள்ள மடிச்சுத் தைக்கணும்னு எங்க தெரியும்! கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அவ போட்டுப் பார்த்தா, முதுகுல ஒரு சாண் மூடலை. பொண்ணு அழ, அவ அம்மா கத்த, தெருவே நம்ம ஜன்னல்ல நின்னுச்சு. எனக்கு மானம் போச்சு. டக்கியும் நார்மனும் நைசா நழுவிட்டாங்க. உங்கப்பா மட்டும் வெள்ளிக்கிழமை பூரா உக்காந்து ஒவ்வொரு தையலையும் பிரிச்சு நடுவுல லேஸ் பட்டை வச்சுத் தைச்சுக் குடுத்தார். சர்ச்சுல எல்லாரும் அதுதான் புது மாடல்னு நினைச்சுக்கிட்டாங்க, கொடுமையைப் பாரு. அதே மாதிரி வேணும்னு இப்ப இன்னும் மூணு பொண்ணுங்க வந்து நிக்கிறாங்க.

நேத்து உங்கப்பாவைப் பிடி பிடின்னு பிடிச்சேன். மூணு பேர் காத்திருக்காங்க டோரீன், நான் எப்படி வர்றதுங்கிறார். நம்ம பேத்தி காத்திருக்கலையா மனுஷான்னு கத்தினேன். லேஸ் பட்டையை எடுத்து அளக்க ஆரம்பிச்சிட்டார். எனக்கு வயிறு எரியுது கீத். ஆனா ரெண்டு வருஷமா மத்தியானம் வரைக்கும் போர்வைக்குள்ள கிடந்த மனுஷன், இப்ப எனக்கு முன்னாடி எழுந்து ஷேவ் பண்ணிக்கிட்டே பாட்டு முணுமுணுக்கிறார். அவரைப் பிடுங்கி விமானத்துல ஏத்த எனக்கு மனசு வரலை. அந்த வேலையை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு.

கடவுள் உங்க மூணு பேரையும் நல்லா வச்சிருக்கட்டும். வெயில்ல தொப்பி இல்லாம வேலைக்குப் போகாதே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது வேலையைப் பத்தி அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்காதே. ஏமியை மட்டும் கொஞ்ச நேரம் என்கிட்ட பேச விடு.

கோபம் தீராத, பாசம் குறையாத உன்
அம்மா